கே.யூ. பட்டையில் 4 டெசிபல் மார்ஜின் மழைக்குப் போதுமா? 1.2 மீட்டர் டிஷ்ஷா, 1.8 மீட்டர் டிஷ்ஷா?

விண்வழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஒரு மையத் தரைநிலையத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட தொலைநிலையங்களுக்குப் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக, கே.யூ. பட்டையில் (இங்கே 12 முதல் 14 கிகாஹெர்ட்ஸ்), தரவு அனுப்பும் வலையமைப்பு ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. நிலையங்கள் அனைத்தும் மழை மிகுந்த வெப்பமண்டலப் பகுதியில் உள்ளன. வரும் சிக்னலை அலைவெண் மாற்றிப் பெருக்கித் திருப்பி அனுப்புவதைத் தவிர செயற்கைக்கோள் வேறெதுவும் செய்வதில்லை.

மையத்திலிருந்து செல்லும் கேரியர் (தரவைச் சுமக்கும் அலை) நொடிக்கு 30 மெகாசிம்பல் வேகம் கொண்டது, ரோல்-ஆஃப் (அலைவெண் ஓரங்களுக்கான கூடுதல் அகலம்) 0.20 என்பதால் செயற்கைக்கோளின் 36 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்பாண்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் தடம்) முழுவதையும் அது நிரப்பிவிடுகிறது. டி.வி.பி.-எஸ்2 என்னும் செயற்கைக்கோள் பரிமாற்றத் தரத்தில் 8பி.எஸ்.கே. 3/4 (ஒரு சிம்பலுக்கு மூன்று பிட், அவற்றில் நான்கில் மூன்று பங்கு தரவு) வைத்திருக்கிறேன். தொலைநிலையத்தில் 1.2 மீட்டர் ஆஃப்செட் டிஷ், 0.7 டெசிபல் இரைச்சல் எண் கொண்ட எல்.என்.பி. (டிஷ்ஷின் முனையில் உள்ள குறை-இரைச்சல் பெருக்கி), கீழிணைப்பு (செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு) அலைவெண் 12 கிகாஹெர்ட்ஸ். ஒளிபரப்பு வட்டத்தின் ஓரத்தில் செயற்கைக்கோளின் இ.ஐ.ஆர்.பி. (அந்தத் திசையில் அது வீசும் பயனுறு ஆற்றல்) 46 டெசிபல்வாட் என்று எடுத்துக்கொண்டேன். தொலைவு 38,000 கிலோமீட்டர். பாதை இழப்பு 205.6 டெசிபல், வளிமண்டலத்துக்கும் குறி பிசகுக்குமாகச் சேர்த்து 0.5 டெசிபல். ஆண்டெனாவின் ஆதாயம் 41.7 டெசிபல், மொத்த இரைச்சல் வெப்பநிலை 100 கெல்வின், ஆகவே ஜி/டி (ஆதாயத்துக்கும் இரைச்சல் வெப்பநிலைக்கும் உள்ள விகிதம்) 21.7. இவற்றைக் கூட்டிக் கழித்தால் கீழிணைப்பின் சி/என் (கேரியருக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்) 15.4 டெசிபல் வருகிறது. மேலிணைப்பின் 22 டெசிபலையும், பக்கத்துச் செயற்கைக்கோளாலும் எதிர்த்துருவத்தாலும் வரும் குறுக்கீட்டின் 18 டெசிபலையும் சேர்த்தால் மொத்தம் 12.9 டெசிபல். 8பி.எஸ்.கே. 3/4 இயங்க 7.9 டெசிபல் வேண்டும். மோடத்தின் குறைபாட்டுக்காக ஒரு டெசிபல் கூட்டினால் 8.9. எனவே மார்ஜின், அதாவது தேவைக்கு மேல் எஞ்சும் இருப்பு, 4 டெசிபல்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐ.டி.யூ.-ஆர்) பி.618 முறைப்படி கணக்கிட்டதில், ஆண்டின் 0.3 சதவீத நேரத்தில் மட்டுமே மழை இழப்பு 3 டெசிபலைத் தாண்டுகிறது. எங்களுக்கு வேண்டியதும் 99.7 சதவீதக் கிடைப்புதான். 4 டெசிபலில் 3 போனாலும் ஒரு டெசிபல் மிச்சமிருக்கிறது என்பது என் வாதம். ஆனால் எங்கள் மூத்த பொறியாளர் எல்லா இடங்களிலும் 1.8 மீட்டர் டிஷ் வைக்க வேண்டும் என்கிறார். டிஷ்ஷை மாற்றாமல் இன்னும் நல்ல எல்.என்.பி. போட்டாலே போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதை ஏற்பது? திரும்பும் இணைப்புக்குத் தொலைநிலையத்தில் 4 வாட் பி.யூ.சி. (அலைவெண்ணை உயர்த்தி அனுப்பும் பெருக்கி) வைக்க எண்ணியிருக்கிறேன், அதைப் பற்றியும் கருத்துக் கூறினால் உதவியாக இருக்கும்.

கெல்வின்_மாணவன் (மறுமொழி):

முதலில் ஒரு பாராட்டு. கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் "மார்ஜின் போதுமா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் எண்கள் அனைத்தையும் வைத்திருப்பதால் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. தெளிந்த வானத்துக்கான உங்கள் கணக்கு சரியாகவே இருக்கிறது. ஆனால் 4 டெசிபலிலிருந்து 3 டெசிபலை நேரடியாகக் கழித்த இடத்தில்தான் இணைப்பு உங்கள் கையை விட்டுப் போகிறது.

மழை இரண்டு வேலைகளைச் செய்கிறது. சிக்னலைக் குறைப்பது ஒன்று. அது உங்கள் கணக்கில் இருக்கிறது. மற்றொன்று, எந்தப் பொருள் அலையை உறிஞ்சுகிறதோ அது தன் வெப்பநிலைக்கேற்ப இரைச்சலை உமிழவும் செய்யும் என்ற இயற்பியல் விதியின் விளைவு. தெளிந்த வானத்தை நோக்கும் டிஷ் குளிர்ந்த விண்வெளியைப் பார்க்கிறது. அதனால்தான் உங்கள் 100 கெல்வினில் ஆண்டெனாவின் பங்கு சுமார் 40 கெல்வினாகவும், எல்.என்.பி.யின் பங்கு 51 கெல்வினாகவும், எஞ்சிய சிறு பகுதி ஃபீடின் (டிஷ் குவிக்கும் அலையைப் பிடிக்கும் கொம்பு) பங்காகவும் அமைகிறது. அதே திசையில் 3 டெசிபல் மழை வந்து நின்றால் டிஷ் பார்ப்பது விண்வெளியை அன்று, ஏறத்தாழ 275 கெல்வின் வெப்பமுள்ள ஒரு திரையை. அந்தத் திரை பாதி ஊடுருவும் தன்மையுடையது. ஆகவே 275-இல் பாதியான 137 கெல்வினை அது தானாகவே சேர்க்கிறது. பழைய 40 கெல்வினில் பாதி திரையைக் கடந்து வருகிறது. ஆக ஆண்டெனாவின் இரைச்சல் 157 கெல்வின், எல்.என்.பி.யும் ஃபீடும் சேர்க்கும் 60-ஐயும் கூட்டினால் மொத்தம் 217 கெல்வின். நூறு, இருநூற்றுப் பதினேழாக உயர்வது 3.4 டெசிபல். எனவே "3 டெசிபல் மழை" உங்கள் கீழிணைப்பின் சி/என்-ஐ 6.4 டெசிபல் இறக்கிவிடுகிறது.

இப்போது மொத்தக் கணக்கை மீண்டும் போடுவோம். கீழிணைப்பு 15.4-இலிருந்து 9.0 டெசிபலுக்கு வந்துவிட்டது. மேலிணைப்பின் 22 அப்படியே இருக்கிறது. பக்கத்துச் செயற்கைக்கோளின் குறுக்கீடும் அதே மழையின் ஊடாகவே வருவதால் அதுவும் உங்கள் சிக்னலோடு சேர்ந்தே தேய்கிறது. ஆகவே 18 மாறாது. மூன்றையும் தலைகீழ் எண்களாக மாற்றிக் கூட்டினால் மொத்தம் 8.3 டெசிபல். வேண்டியது 8.9. உங்கள் கணக்கில் ஒரு டெசிபல் மிச்சம் என்று காட்டிய இடத்தில் உண்மையில் 0.6 டெசிபல் குறைகிறது. 1.2 மீட்டர் டிஷ் தாங்கும் மழை ஏறத்தாழ இரண்டரை டெசிபல்தான்.

எல்.என்.பி. யோசனையையும் இதே உரைகல்லில் தேய்த்துப் பார்க்கலாம். 0.7 டெசிபலுக்குப் பதில் 0.5 டெசிபல் இரைச்சல் எண் உள்ளதைப் போட்டால் 15 கெல்வின் குறைகிறது. தெளிந்த வானத்தில் 100 என்பது 85 ஆகும்; கிடைப்பது 0.7 டெசிபல். மழையிலோ 217 என்பது 202 ஆகிறது, கிடைப்பது 0.3 டெசிபல் மட்டுமே. உதவி தேவைப்படும் நேரத்தில் அதன் பலன் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மொத்தம் 8.5 டெசிபலில் நிற்கும்; அப்போதும் வரம்பைத் தொடாது. மாறாக, 1.8 மீட்டர் டிஷ் தரும் 3.5 டெசிபல் ஆதாயம் வெயிலிலும் மழையிலும் அதே 3.5 தான். கீழிணைப்பு 18.9-இல் தொடங்கி, 3 டெசிபல் மழையில் 12.5-க்கு வந்து, மொத்தம் 11.1 டெசிபலில் நிற்கும், 2.2 டெசிபல் மிச்சம். ஏறத்தாழ 5 டெசிபல் மழை வரை அது தாங்கும். உங்கள் மூத்த பொறியாளர் சொல்வதில் பொருள் இருக்கிறது.

லிங்க் பட்ஜெட்டில் (இணைப்பின் ஆதாய-இழப்புக் கணக்கில்) ஒரு டெசிபல் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது சங்கிலியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். எல்.என்.பி.க்கு முன்னால் 0.5 டெசிபல் இழப்புள்ள ஓர் அலைவழிகாட்டித் துண்டை வைத்துப் பாருங்கள். அது சிக்னலில் 0.5 டெசிபலைத் தின்பதோடு 31 கெல்வின் இரைச்சலையும் சேர்க்கும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை டெசிபல் சேதம். அதே எல்.என்.பி.க்குப் பின்னால் 30 மீட்டர் கோஆக்சியல் கேபிள் 9 டெசிபலைத் தின்றாலும், பின்னால் நிற்கும் ரிசீவரின் இரைச்சல் எண் 10 டெசிபலாகவே இருந்தாலும், எல்.என்.பி.யின் 60 டெசிபல் ஆதாயம் அவற்றைப் பத்து லட்சத்தால் வகுத்துவிடுவதால் ஆண்டெனா முனையில் தெரிவது ஒரு கெல்வினில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஹரால்டு ஃபிரீஸ் 1944-இல் தந்த இரைச்சல் வாய்பாடு இதைத்தான் சொல்கிறது.

இரைச்சலை இப்படி மூலம் மூலமாகப் பிரித்து எழுதும் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு நம் துறையிலேயே ஒரு சான்று உண்டு. ஹோம்டெல் என்ற இடத்தில், எக்கோ என்னும் பலூன் செயற்கைக்கோளுக்காக பெல் ஆய்வகம் அமைத்த கொம்பு ஆண்டெனாவில் ஆர்னோ பென்சியாசும் ராபர்ட் வில்சனும் 1964-இல் ஒவ்வொரு இரைச்சல் மூலத்தையும் அளந்து கழித்துக்கொண்டே வந்தபோது, எதிலும் அடங்காமல் சுமார் 3.5 கெல்வின் எஞ்சியது. அதுவே பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு. 1978-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் 100 கெல்வின் கணக்கிலும் அந்தச் சில கெல்வின்கள் இருக்கின்றன.

அலைச்சட்டம் (மறுமொழி):

மேலே உள்ள கணக்கை ஏற்றுக்கொண்டே ஒரு கேள்வி எழுப்புகிறேன்: 8பி.எஸ்.கே. 3/4-ஐ மழையிலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் என்ன? டி.வி.பி.-எஸ்2 தரத்தில் ஏ.சி.எம். (நிலைமைக்கேற்பக் குறியீட்டை மாற்றிக்கொள்ளும் வசதி) இருக்கிறது. தொலைநிலையம் தான் பெறும் சி/என்-ஐ மையத்துக்குத் தெரிவிக்க, மையம் அந்த நிலையத்துக்குரிய தரவுச் சட்டகங்களை மட்டும் உறுதியான குறியீட்டுக்கு மாற்றி அனுப்பும்; வெயிலில் இருக்கும் மற்ற நிலையங்களின் வேகம் குறையாது. 8.3 டெசிபலில் நிற்கும் நிலையம் ஒரு படி இறங்கி 8பி.எஸ்.கே. 2/3-க்குச் சென்றால் வேண்டியது, மோடத்தின் ஒரு டெசிபலையும் சேர்த்து, 7.6 தான். இன்னும் கனமான மழையில் கியூ.பி.எஸ்.கே. 3/4-க்கு (ஒரு சிம்பலுக்கு இரண்டே பிட்) இறங்கினால் 5 டெசிபலே போதும். முழு கேரியரின் அளவில் சொன்னால் 66.8 மெகாபிட் என்பது முதல் படியில் 59.4 ஆகவும், கியூ.பி.எஸ்.கே.யில் 44.6 ஆகவும் குறையும். இணைப்பு அறுவதோடு ஒப்பிட்டால் இது பெரிய இழப்பாகாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் "99.7 சதவீதம் இணைப்பு" என்று எழுதியிருக்கிறதா, "99.7 சதவீதம் முழு வேகம்" என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பாருங்கள். முன்னது என்றால் 1.2 மீட்டரிலேயே ஏ.சி.எம். உங்களைக் காப்பாற்றும். பின்னது என்றால் டிஷ்ஷைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மேலும், பி.618 தருவது சராசரி ஆண்டின் கணக்கு. 0.3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 26 மணி நேரம். அந்த 26 மணி நேரமும் பன்னிரண்டு மாதங்களில் சமமாகப் பரவி வராது, பெரும்பகுதி மழைக்காலத்திலேயே குவியும். மாதாமாதம் கிடைப்பை அளந்து அபராதம் விதிக்கும் ஒப்பந்தமாக இருந்தால், பி.841 பரிந்துரையைக் கொண்டு மிக மோசமான மாதத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்வது அவசியம்.

விண்வழி (மறுமொழி):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரைச்சல் உயர்வைச் சேர்த்து மீண்டும் கணக்கிட்டேன், அதே 8.3 டெசிபல்தான் எனக்கும் வருகிறது. ஒப்பந்தத்தில் முழு வேகம் என்பது 99.5 சதவீதத்துக்கும், இணைப்பு என்பது 99.7 சதவீதத்துக்கும் கேட்கப்பட்டிருக்கிறது. ஏ.சி.எம். கண்டிப்பாகச் சேர்க்கப்படும்.

இன்னும் தெளிவு வேண்டிய இடம் திரும்பும் இணைப்பு. 14 கிகாஹெர்ட்ஸில் 1.2 மீட்டர் டிஷ்ஷின் ஆதாயம் 43 டெசிபல், 4 வாட் என்பது 6 டெசிபல்வாட், இழப்பு 0.5 போக இ.ஐ.ஆர்.பி. 48.5. பாதை இழப்பு 207, வளிமண்டலத்துக்கும் குறி பிசகுக்குமாக 0.5, செயற்கைக்கோளின் ஜி/டி 3 என்று வைத்து ஒரு மெகாசிம்பல் கேரியருக்குக் கணக்கிட்டால் மேலிணைப்பின் சி/என் 12.6 டெசிபல். மையத்தின் பெரிய ஆண்டெனாவில் கீழிணைப்பு 20 டெசிபல், குறுக்கீடு 18 டெசிபல், மொத்தம் 10.9. கியூ.பி.எஸ்.கே. 3/4-க்கு 5 போதும். இங்கும் மழையில் இரைச்சல் உயருமா? மையத்தில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மையநிலையம் (மறுமொழி):

மேலிணைப்பில் இரைச்சல் உயராது. செயற்கைக்கோளின் ஆண்டெனா எப்போதும் பூமியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பூமி ஏறத்தாழ 290 கெல்வின். அதற்கும் தனக்கும் நடுவில் 275 கெல்வின் மழை வந்தாலும் அதற்கு வேறுபாடு தெரியாது. ஆகவே 14 கிகாஹெர்ட்ஸில் மழை இழப்பு சற்று அதிகமாக இருந்தாலும், அதாவது கீழே 3 டெசிபல் என்றால் மேலே சுமார் 4 டெசிபல் என்றாலும், சேதம் அந்த 4 டெசிபலோடு நின்றுவிடும்.

ஆனால் இந்த 4 டெசிபல் மூன்று இடங்களிலும் கழியும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பல சிறு கேரியர்கள் பகிரும் டிரான்ஸ்பாண்டர் நேர்கோட்டுப் பகுதியில் இயங்குவதால், அதற்குள் 4 டெசிபல் குறைந்து நுழையும் கேரியர் 4 டெசிபல் குறைந்தே வெளியே வரும். ஆகவே மையத்தை நோக்கிய கீழிணைப்பும் 20-இலிருந்து 16-க்கு இறங்கும். குறுக்கீடும் இங்கே உங்களோடு சேர்ந்து தேயாது, ஏனெனில் அது மழையில்லாத வேறோர் இடத்துத் தரைநிலையத்திலிருந்து செயற்கைக்கோளை அடைகிறது. அதனால் 18 என்பது 14 ஆகும். மொத்தம் 10.9-இலிருந்து 6.9-க்கு வரும். 5 வேண்டிய இடத்தில் 6.9 இருப்பதால் 4 வாட் போதும் என்ற உங்கள் எண்ணம் சரியே.

இருப்பினும் 1.8 மீட்டர் டிஷ்ஷுக்கு மாறினால் இந்தக் கணக்கு இன்னும் அழகாகிறது. ஆதாயம் 3.5 டெசிபல் கூடுவதால் பி.யூ.சி.யை 2 வாட்டாகக் குறைத்தாலும் இ.ஐ.ஆர்.பி. குறையாது. முதன்மைக் கற்றைக்கு வெளியே பக்கவாட்டில் சிதறும் ஆற்றல், ஆண்டெனாவுக்குள் செலுத்தும் ஆற்றலைப் பொறுத்தது. 29-இலிருந்து 25 மடங்கு கோணத்தின் மடக்கையைக் கழித்து வரும் பக்கக் கற்றை வரம்பு டிஷ்ஷின் அளவைக் கேட்பதில்லை. அதாவது இரண்டு டிகிரி தள்ளியிருக்கும் பக்கத்துச் செயற்கைக்கோளுக்கு நீங்கள் தரும் தொல்லை அப்படியே பாதியாகிறது. டிஷ்ஷின் கூடுதல் விலையில் ஒரு பகுதி பி.யூ.சி.யிலும் மின்செலவிலும் திரும்பி வரும் என்பதை உங்கள் நிர்வாகத்துக்குச் சொல்லலாம். பி.யூ.சி. வாங்கும்போது அதன் வாட் எண் செறிவு நிலைக்குரியதா (அதற்கு மேல் உயராத உச்ச வெளியீடு), ஒரு டெசிபல் சுருக்கப் புள்ளிக்குரியதா (ஆதாயம் ஒரு டெசிபல் குறையத் தொடங்கும் வெளியீடு) என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லை மீறி ஓட்டினால் கேரியரின் இருபுறமும் நிறமாலை வீங்கிப் பக்கத்து கேரியர்களில் விழும். செயற்கைக்கோள் இயக்குநரின் கட்டுப்பாட்டு மையம் அதைப் பார்த்த உடனே உங்களை அணைக்கச் சொல்லும்.

மையத்தில் பெய்யும் மழை தனி விஷயம், அதற்கே நான் அதிகம் அஞ்சுவேன். தொலைநிலையத்தில் மழை பெய்தால் ஒரு நிலையம் தவிக்கும். மையத்தில் பெய்தால் நாற்பதும் ஒன்றாகத் தவிக்கும். இரண்டும் வெவ்வேறு வானிலையில் இருப்பதால் துண்டிப்புகள் கூட்டலாகச் சேரும்: தொலைநிலையத்துக்கு 0.3 சதவீதம், மையத்துக்கு 0.05 சதவீதம் என்று ஒதுக்கினால் மொத்தம் 0.35 சதவீதம் ஆகிவிடும். நீங்கள் வாக்களித்த 99.7 அங்கேயே உடைகிறது. எனவே மையத்தின் பங்கை முதலில் கழித்துவிட்டு, எஞ்சிய 0.25 சதவீதத்துக்குத் தொலைநிலையத்தை வடிவமைக்க வேண்டும். 0.05 சதவீதத்துக்கு வரும் மழை இழப்பு 0.3 சதவீதத்துக்கு வருவதைவிட மிகப் பெரியது. அதைச் சமாளிக்கத்தான் செயற்கைக்கோளின் பீக்கன் சிக்னலை (அது மாறாத ஆற்றலில் எப்போதும் அனுப்பும் அடையாள அலை) அளந்து, மழைக்கு ஏற்ப மையத்தின் பெருக்கியை உயர்த்தும் தானியங்கி ஆற்றல் கட்டுப்பாடு தேவைப்படுகிறது. வெயிலில் வேண்டிய ஆற்றலுக்கு மேல் எத்தனை டெசிபல் இருப்பு வைக்கிறீர்களோ, மேலிணைப்பில் அத்தனை டெசிபல் மழையைத்தான் அது ஈடுசெய்யும். பீக்கன் வருவது கீழிணைப்பு அலைவெண்ணில் என்பதால், அதில் காணும் தேய்வை 14 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்திக் கணக்கிடும் காரணியையும் சரியாக அமைக்க வேண்டும். கூடுதலாக உயர்த்திவிட்டால் டிரான்ஸ்பாண்டர் செறிவைத் தாண்டும். பெருக்கியால் ஈடுகொடுக்க முடியாத மழை வரும் இடமென்றால், சில பத்துக் கிலோமீட்டர் தள்ளி இரண்டாவது மையம் ஒன்றை அமைப்பதுதான் வழி. கனமழை மேகங்கள் சில கிலோமீட்டர் அகலமே உடையவை. இரண்டையும் ஒரே நேரத்தில் அவை மூடுவது அரிது.

சூரியக் குறுக்கீட்டையும் கால அட்டவணையில் எழுதி வையுங்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சமஇரவு நாட்களை ஒட்டிச் சூரியன் செயற்கைக்கோளின் நேர் பின்னால் வரும். 1.2 மீட்டர் டிஷ்ஷின் கற்றை சுமார் ஒன்றரை டிகிரி, சூரியனின் தோற்ற விட்டம் அரை டிகிரி. ஆகவே ஐந்தாறு நாட்களுக்கு, நாளொன்றில் அதிகபட்சம் எட்டு நிமிடம் போல இணைப்பு பாதிக்கப்படும். இதைத் தடுக்க முடியாது. ஆனால் நிமிடக் கணக்கில் முன்னரே சொல்லிவிட முடியும்.

தூண்_நேர் (மறுமொழி):

நிலையங்களை நிறுவும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் களத்தைப் பற்றிச் சொல்கிறேன். மேலே பேசப்படும் அரை டெசிபல், ஒரு டெசிபல் எல்லாம் நிறுவும்போது சத்தமில்லாமல் தொலைந்துபோகக் கூடியவை.

தூண் செங்குத்தாக இருக்கிறதா என்பதை இரண்டு திசைகளில் ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே டிஷ்ஷை ஏற்ற வேண்டும். தூண் சாய்ந்திருந்தால் ஏற்றக்கோண அளவுகோல் காட்டுவது பொய்யாகிவிடும். திசைகோணத்தைத் திருப்பும்போதெல்லாம் ஏற்றக்கோணமும் சேர்ந்து நகரும். அடுத்து, சிக்னல் கிடைத்துவிட்டது என்பதற்காக போல்ட்டை இறுக்கிவிடக் கூடாது. பக்கக் கற்றையின் உச்சியிலும் மோடம் பூட்டிக்கொள்ளக்கூடும். வெயிலில் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும், முதல் தூறலிலேயே போய்விடும். உச்சியைத் தாண்டி இருபுறமும் டிஷ்ஷை நகர்த்தி, சி/என் சம அளவு குறையும் இரண்டு புள்ளிகளைப் பென்சிலால் குறித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். உச்சியின் அருகே எண் மாறுவதே தெரியாது, சரிவில் நன்றாகத் தெரியும் என்பதால் இந்த முறை துல்லியமானது.

1.8 மீட்டரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கற்றை குறுகும். 14 கிகாஹெர்ட்ஸில் 1.2 மீட்டர் டிஷ்ஷின் கற்றை 1.25 டிகிரி; 0.2 டிகிரி பிசகினால் இழப்பது 0.3 டெசிபல். அதே பிசகு 1.8 மீட்டரில் 0.7 டெசிபல், 2.4 மீட்டரில் 1.2 டெசிபல். அதோடு 1.8 மீட்டர் டிஷ்ஷின் பரப்பு 1.2 மீட்டரைப் போல இரண்டேகால் மடங்கு. காற்றின் தள்ளுவிசையும் அதே மடங்கு. பழைய தூணையும் பழைய அடித்தளத்தையும் வைத்துக்கொண்டு டிஷ்ஷை மட்டும் பெரிதாக்கினால், மழையோடு வரும் காற்றில் டிஷ் அசைந்து, வாங்கிய ஆதாயத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடும்.

துருவமுனைப்பைச் சரிசெய்யும் வேலையை இயக்குநரின் கட்டுப்பாட்டு மையத்தோடு தொலைபேசியில் இருந்துகொண்டே செய்ய வேண்டும். மாடுலேஷன் இல்லாத கேரியர் ஒன்றை அவர்கள் சொல்லும் அலைவெண்ணில் அனுப்பினால், எதிர்த்துருவத்தில் அது எவ்வளவு கசிகிறது என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். 30 டெசிபல் பிரிப்பு வரும்வரை ஃபீடை மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். இணைப்பிகளில் நீர் புகாதவாறு தானே ஒட்டும் ரப்பர் நாடாவைக் கீழிருந்து மேலாகச் சுற்றி, கேபிளை இணைப்பிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு ஏற்றினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஃபீடின் முகமூடியில் படியும் நீர்ப்படலமும் மழை இழப்புக் கணக்கில் வராத ஓர் இழப்பு. நீர் ஒட்டாத முகமூடி போட்டால் அது குறையும்.

இவை முடிந்ததும், தெளிந்த வானத்தில் கிடைக்கும் சி/என்-ஐ உங்கள் காகிதத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். 12.9 வர வேண்டிய இடத்தில் 11.5 வந்தால் அதை ஏற்றுக் கையெழுத்திடாதீர்கள். அந்த 1.4 டெசிபல் எங்கோ ஓர் இடத்தில் இருக்கிறது: குறி, துருவம், ஃபீடின் குவியம், வளைந்த டிஷ், பார்வைக் கோட்டில் ஒரு மரக்கிளை. கிளை என்றால் இன்று அகற்றினாலும் அடுத்த ஆண்டு வளர்ந்து வரும் என்பதையும் சேர்த்து யோசித்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விண்வழி (மறுமொழி):

ஒவ்வொரு பதிலையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். கடைசியாக ஒன்று கேட்கிறேன். எல்லா நிலையங்களுக்கும் ஒரே அளவு டிஷ் வைப்பது உதிரிப் பொருள் இருப்புக்கும் பராமரிப்புக்கும் எளிது. ஆனால் சில நிலையங்களில் ஏற்றக்கோணம் 30 டிகிரி, சிலவற்றில் 60 டிகிரிக்கும் மேல். இவற்றைப் பிரித்து வடிவமைப்பது முறையா?

கெல்வின்_மாணவன் (மறுமொழி):

பிரித்தே செய்யுங்கள். மழை உயரம் சுமார் 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரியில் அலை மழைக்குள் 10 கிலோமீட்டர் சாய்வாகக் கடக்கிறது. 60 டிகிரியில் 6 கிலோமீட்டருக்கும் குறைவு. மழை அந்தச் சாய்பாதை முழுவதும் ஒரே சீராகப் பெய்யாது என்பதால் இழப்பு அதே விகிதத்தில் கூடாது, பி.618-இல் அதற்கான குறைப்புக் காரணிகள் இருக்கின்றன. ஆயினும் வேறுபாடு பெரியதுதான். பாதை இழப்பில் ஏற்றக்கோணம் செய்யும் மாற்றம் இதோடு ஒப்பிட்டால் அற்பம்: செயற்கைக்கோள் நேர் உச்சியில் இருப்பதற்கும் 5 டிகிரியில் இருப்பதற்கும் இடையே 1.2 டெசிபல் மட்டுமே.

ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று எண்களை அட்டவணைப்படுத்துங்கள்: அந்த இடத்தில் செயற்கைக்கோளின் இ.ஐ.ஆர்.பி., ஏற்றக்கோணம், ஆண்டில் 0.01 சதவீத நேரம் மிஞ்சப்படும் மழைவீதம். ஒளிபரப்பு வட்டத்தின் நடுப்பகுதியில் இருக்கும் நிலையங்களுக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட 46 டெசிபல்வாட்டை விட இரண்டு மூன்று டெசிபல் கூடுதலாகவே கிடைக்கக்கூடும். அவற்றில் ஏற்றக்கோணமும் உயர்ந்திருந்தால் 1.2 மீட்டர் டிஷ் ஏ.சி.எம். துணையோடு உங்கள் இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றும். ஓரத்தில், தாழ்ந்த கோணத்தில் இருப்பவற்றுக்கு 1.8 மீட்டர். கீழிணைப்பில் முழு வேகத்துக்கான 99.5-ஐயும் இணைப்புக்கான 99.7-ஐயும் தனித்தனியே, மையத்தின் 0.05 சதவீதத்தைக் கழித்த பிறகு சோதியுங்கள். 1.8 மீட்டரும் கைகொடுக்காத நிலையம் ஒன்றிரண்டு இருந்தால் அங்கே மட்டும் 2.4 மீட்டர் வைத்து, தூணையும் அடித்தளத்தையும் அதற்கேற்ப முதலிலேயே கட்டிவிடுங்கள். மூன்று அளவுகளிலும் ஒரே எல்.என்.பி.யும் ஒரே மோடமும் பயன்படுமாறு ஃபீடைத் தேர்ந்தெடுத்தால், உதிரிப் பொருள் இருப்பில் கூடுவது டிஷ்ஷும் தாங்கியும் மட்டும்தான். அவை எளிதில் பழுதாகும் பொருட்களும் அல்ல.